ரியோஹா சிவப்பு ஒயின்: கிரியான்சாவா, ரிசெர்வாவா?

ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயினுக்கு, அதை முதிரவைத்த காலத்தைப் பொறுத்துத் தரும் பெயர்களே கிரியான்சாவும் ரிசெர்வாவும். இரண்டிலும் பெரும்பாலும் டெம்ப்ரனியோ என்ற வகைத் திராட்சைதான். எதை வாங்குவது என்பதை அன்றைய சாப்பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதிர்ச்சி: கிரியான்சாவுக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதில் 1 ஆண்டு ஓக் பீப்பாயில். ரிசெர்வாவுக்கு 3 ஆண்டு. பீப்பாயில் 1 ஆண்டு, பாட்டிலில் 6 மாதமாவது.

சுவை: முன்னதில் செர்ரிப் பழம் தூக்கல், பின்னதில் வெனிலா, புகையிலை மணம்.

விலை: ரிசெர்வா கூடுதல்.

இரண்டையும் 16–18 டிகிரியில் பரிமாறுங்கள். அதைவிடச் சூடானால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறிப் பழ மணத்தை அமுக்கிவிடும். பழைய ரிசெர்வாவில் வண்டல் இருக்கலாம். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள்.

சோரிசோ (ஸ்பானியப் பன்றி இறைச்சி சாஸேஜ்) சேர்த்த உருளைக்கிழங்குக் குழம்புக்கும், திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாத்துண்டுக்கும் கிரியான்சாதான் என் தேர்வு. மணிக்கணக்கில் அடுப்பில் வெந்த இறைச்சிக்கும் முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸுக்கும் ரிசெர்வா.