கடைசிப் பத்து நிமிடம்: மலிவு டிவிடியோடு சில வருடங்கள்

முல்லைத்தீவில் புதிதாக ஸ்டூடியோ தொடங்கியிருக்கும் நண்பன் கேட்டான்: "மச்சான், விலை குறைஞ்ச எம்டி (வெற்று) டிவிடியில எதை நம்பி வாங்கலாம்?" கிளிநொச்சிப் பக்கம் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து இறுவட்டில் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மலிவு டிவிடி என்றாலே எனக்கு அதன் விளிம்புதான் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும்.

பென் டிரைவ் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே வயதானவர்கள் இருக்கிற வீட்டில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. பென் டிரைவ் கொடுத்தால் அடுத்த கிழமை பேரன் அதை அழித்துவிட்டுச் சினிமாப் படம் ஏற்றிவிடுவான். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் அல்பத்தையும் கசெட்டையும் விட்டுவிட்டு வந்த சனம் இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, அலுமாரிக்குள் வைக்க ஒன்று என்று கொப்பி கேட்பார்கள். அதனால் நான் வாங்குவது ஐம்பது கோத்த டப்பா. விலையும் குறைவாக இருக்கவேண்டும்.

விளிம்புக்கு வருகிறேன். டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். கலியாணப் படத்தில் தாலி கட்டு நடுவில் எங்கேயோ வரும், பந்தியும் படப்பிடிப்பும் கடைசியில் வரும். அந்த மலிவு டப்பாவில் இருந்து கொடுத்ததற்கு வந்த முறைப்பாடு எல்லாம் ஒரே மாதிரி: "தம்பி, பந்தி வரேக்க படம் நிக்குது." ஒரு வீட்டில் தாய்மாமன் மாலை போடும் இடத்திலேயே சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. அவர் கனடாவில் இருந்து அதற்காகவே வந்த மனிதர். அவருக்கு நான் என்ன சொல்ல?

விளிம்பில் ஏன் இப்படி? எழுதும் டிவிடிக்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் சுடுவது அதைத்தான். தட்டைச் சுழற்றி அந்தச் சாயத்தைப் பரப்புகிறார்கள். கல்லில் தோசை மா பரப்பும்போது ஓரம் சரியாக வராதது போல, கவனமில்லாத தொழிற்சாலையில் இதுவும் வெளிவட்டத்தில்தான் பிசகும். தட்டு லேசாக வளைந்திருந்தாலும் அந்த வளைவு கூடுதலாகத் தெரிவது ஓரத்தில். அதோடு 16எக்ஸ் (டிவிடியின் அடிப்படை வேகத்தைப்போல் 16 மடங்கு) வேகத்தில் எழுதக் கொடுத்தால் டிரைவ் உள்ளே ஏறக்குறைய ஆறரை எக்ஸில் தொடங்கி, முழு 16எக்ஸைத் தொடுவது கடைசி ஓரத்தில். மூன்று வில்லங்கமும் ஒரே இடத்தில். போதாததற்கு வன்னி வெயில். மதியம் தகரக் கூரைக்குக் கீழே கடை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நான் செய்வது: முழுவதும் நிரப்புவதில்லை. பெட்டியில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பதைக் கொம்பியூட்டர் 4.38 என்று காட்டும். நான் 4 ஜிபியைத் தாண்டுவதில்லை. படம் நீளம் என்றால் இரண்டு டிவிடி. வேகம் 8எக்ஸ். நாலு எக்ஸ், இரண்டு எக்ஸ் என்று இறக்கினால் இன்னும் நல்லது என்று சிலர் நம்புகிறார்கள். வேகமான டிவிடிக்கு அது எப்போதும் உதவாது, சிலவேளை பிழை கூடியும் இருக்கிறது. எழுதி முடிந்ததும் வாசிக்கும் வேகத்தின் கோட்டை மென்பொருளில் பார்ப்பேன். நல்ல டிவிடியில் கோடு கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். அந்த டப்பாவில் கடைசிப் பகுதியில் பள்ளம் பள்ளமாக விழுந்தது. பிழை எண்ணும் வசதி உள்ள டிரைவ் கையில் இருந்தால் பிஐ பிழை (வாசிக்கும்போது டிரைவ் கண்டு திருத்தும் சின்னப் பிழைகளின் எண்ணிக்கை) 280ஐத் தாண்டுகிறதா என்றும் பார்க்கலாம். தரநிலை சொல்லும் எல்லை அது.

இதெல்லாம் செய்த பிறகு முறைப்பாடு குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே மலிவு டப்பாவில் பாதிக்கு மேல் ஒழுங்காகவே ஓடியது. எரிச்சல் எங்கே என்றால், அதே பெயர், அதே நிறப் பெட்டி, அடுத்த டப்பா வேறு சாமானாக இருந்தது. வெளியே அச்சடித்த பெயருக்கும் உள்ளே செய்தவருக்கும் பல நேரம் சம்பந்தம் இல்லை. டிவிடிக்குள் செய்தவரின் குறியீடு ஒன்று பதிந்திருக்கும், இம்ஜ்பேர்ன் போன்ற இலவச மென்பொருளில் போட்டால் காட்டும். சிஎம்சி, ரைடெக் என்று தொடங்கினால் தாய்வான் தொழிற்சாலைகளின் குறியீடு. ஆனால் குறியீட்டையும் கொப்பியடிக்கிறார்கள். ஆகவே முதல் ஒன்றை எழுதிச் சோதிக்காமல் டப்பா முழுவதையும் நம்பாதே.

நல்லது எது என்று கேட்டால் வெர்பேட்டிம் கொம்பனியின் டிவிடியில் அசோ (AZO, உள்ளே இருக்கும் சாயத்தின் பெயர்) என்று போட்டது. முந்தி எழுதி அலுமாரியில் வைத்த டிவிடி பிளஸ் ஆர் (எழுதும் டிவிடியில் ஒரு வகை, மற்றது மைனஸ் ஆர்; இவற்றின் குறியீடு எம்சிசி 004) சிலவற்றை அண்மையில் போட்டுப் பார்த்தேன். கோடு நூல் பிடித்த மாதிரி விளிம்புவரை போனது. உண்மையில் அசந்துபோனேன். அதே வெர்பேட்டிம் பெயரில் விலை குறைந்த வரிசையும் உண்டு, அதில் வேறு குறியீடு வரும், அசோ என்ற எழுத்தைப் பார்த்து வாங்கு. அந்தப் பெயரையும் 2019இல் மிட்சுபிஷி கெமிக்கல் தாய்வானின் சிஎம்சிக்கே விற்க முடிவெடுத்தது. எழுதும் சீடியையே உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடன் 2015 முடிவோடு இந்தத் தொழிலை விட்டது. இந்தியாவின் மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. இப்படி ஒவ்வொருவராகக் கடையைப் பூட்டிக்கொண்டு போக, நாங்கள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பழைய பிளேயர் உள்ள வீட்டுக்கு டிவிடி மைனஸ் ஆர் கொடுப்பது பாதுகாப்பு. பிளஸ் ஆர் என்றால் எழுதும்போது வகையை டிவிடி ரொம் (தொழிற்சாலையில் அச்சிட்டு வரும் டிவிடி) என்று மாற்றிவிடு, பல டிரைவ்கள் விடும். மேலே கடதாசி லேபிள் ஒட்டாதே, சமநிலை கெட்டு ஆடும், பிறகு மறுபடி விளிம்புதான் அழும். லவுட்ஸ்பீக்கர்காரருக்குப் பாட்டுச் சீடி கொடுத்தால் பெயர் எழுதும் பக்கத்தைக் கீறவேண்டாம் என்று சொல். சீடியில் எழுத்து அந்த மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில்.

சரி, முடிவு. அசோ நல்லது, காசுக்குத் தகும், யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நண்பா, போன கிழமை நான் வாங்கியது மலிவு டப்பாதான். ஒரு கொப்பிக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டால் "பக்கத்துக் கடையில குறைவு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறார்கள். தாலி கட்டுக்கு லட்சக்கணக்கில் பந்தல் போடுகிற வீடு, அதைப் பத்திரப்படுத்தும் தட்டுக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகிறது. இனி அலுமாரிக்குப் போகும் ஒன்றை மட்டும் அசோவில் எழுதிக் கொடுப்பேன், சொல்லாமல். மற்றதெல்லாம் 4 ஜிபியில் நிறுத்தி மலிவில் போகும். நீயும் அப்படியே செய். பந்தியை மட்டும் படத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடு.