பழைய கப்பல் கணக்கைச் சரிபார்க்க எது தோது: ஏடா, ஸ்டெல்லேரியமா, ஹொரைசன்ஸா?

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பித்தளை செக்ஸ்டன்ட், அதாவது சூரியனும் விண்மீனும் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றன என்று மாலுமி அளக்கும் கருவி, கண்ணில் படாமல் போகாது. பெரும்பாலும் ஷோகேஸுக்குச் செய்தவை. எனக்கு வேண்டியது கருவி இல்லை, அதை வைத்து எழுதிய கணக்கு. 1790களில் நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட்டிருந்த இங்கிலீஷ் கப்பல் ஒன்றின் நாட்குறிப்பு நகல் கைக்கு வந்தது. நாகை 10 பாகை 46 கலை வடக்கு, 79 பாகை 51 கலை கிழக்கு (பாகையில் அறுபதில் ஒன்று கலை). நின்ற இடம் தெரிந்தால்தான் அளந்தது சரியா என்று சொல்ல முடியும். நடுக்கடலில் எடுத்த அளவை எதோடு ஒப்பிடுவது?

மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தேன். அந்தந்த வருடத்து நாட்டிகல் அல்மனாக்கை, அதாவது மாலுமிகளுக்கான வானியல் பஞ்சாங்க ஏட்டை வைத்துக் கைக்கணக்கு, ஸ்டெல்லேரியம், கோள்களின் இருப்பிடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் இணையச் சேவையான ஹொரைசன்ஸ்.

ஸ்டெல்லேரியத்தை முதலில் சொல்கிறேன், அதில்தான் நான் கவிழ்ந்தேன். இலவச மென்பொருள், ஊரும் தேதியும் கொடுத்தால் அன்றைய வானம் விரியும். இந்திய நேரத்தில் விட்டுவிட்டால் நாகைக்குப் பத்தரை நிமிடம் தள்ளிவிடும் என்பதால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன். கப்பலில் எழுதியது சூரிய நேரம், நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தோடு 16 நிமிடம் வேறுபடும். அதையும் திருத்தினேன். 12-ஆம் தேதி மாலை, கிழக்கே ஒரு விண்மீனின் உயரம். மென்பொருள் 63 கலை கூடக் காட்டியது. ஒரு பாகைக்கு மேல்! மாலுமிக்குக் கண் சரியில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டாலையில் உட்கார்ந்து பேரனின் ஜாதகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தவன். பஞ்சாங்கத்துக்கு அது முந்தின நாள், உதயத்தில்தானே நாள் பிறக்கிறது. அந்தக் கப்பலில் நாள் பிறப்பது நண்பகலில், அதுவும் நம் தேதிக்கு அரை நாள் முன்னாடியே. அவர்களின் 12 மாலை நமக்கு 11 மாலை. விண்மீன் தினமும் நாலு நிமிடம் முந்தி உதிக்கும். இந்த அட்சரேகையில் கிழக்கே அது 58 கலை உயரம். தேதியை ஒன்று குறைத்தேன். மிச்சம் 5 கலை, அதாவது கடிகாரத்தில் இருபது விநாடி. சிரித்ததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அல்மனாக்கிலும் நாள் நண்பகலில்தான் தொடங்கும், ஆனால் நம் தேதிக்கு அரை நாள் பின்னால். 1925 வரை இதே வழக்கம். ஆனாலும் ஏட்டை வைத்துச் செய்யும்போது மாலுமி நின்ற இடத்திலேயே நாமும் நிற்கிறோம். டிசம்பர் 21 நண்பகல், சூரியனின் அடிவிளிம்பு 55 பாகை 35 கலை. ஆறு மீட்டர் உயரத் தளத்திலிருந்து பார்க்கையில் தொடுவானம் தாழ்வதற்கு 4 கலை, ஒளிவிலகலுக்கு 1 கலை கழிக்க வேண்டும். சூரியனின் பாதி அகலத்துக்கு 16 கலை கூட்ட வேண்டும். வருவது 55 பாகை 46 கலை. அதை 90-லிருந்து கழித்தால் 34 பாகை 14 கலை. சூரியன் தெற்கே சாய்ந்த 23 பாகை 28 கலையையும் கழித்தால் 10 பாகை 46 கலை. நாகையேதான்.

டிசம்பர் கணக்கு சரியாக வந்ததென்று மயங்கிவிடக் கூடாது. அப்போது சூரியன் வடக்கு தெற்காக அசையாமல் நிற்கும், பட்டியலில் வருடத்தை மாற்றிப் பார்த்திருந்தாலும் தெரியாது. மார்ச்சிலோ நாளுக்கு 24 கலை ஓடும். ஒரு வருடம் மாறினால் 6 கலை, கடலில் ஆறு மைல். மாலுமியின் கணக்கைப் பிடிக்க மார்ச் பக்கத்துக்குப் போங்கள். எங்கே கூட்ட வேண்டியதைக் கழித்தான், எந்தப் பத்தியை எடுத்தான் என்பதெல்லாம் ஏட்டில் மட்டுமே தெரியும். ஒரு அளவுக்கு அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான் குறை.

ஹொரைசன்ஸில் படம் கிடையாது, வெறும் எண். விண்மீன்களும் இல்லை, சூரியன், நிலா, கோள்கள், சிறுகோள்கள், வால்மீன்கள் போன்றவைதான். ஆனால் நிலாவுக்கு அதுதான் எனக்குத் தோது. நிலாவுக்கும் விண்மீனுக்கும் இடைவெளி அளந்து தீர்க்கரேகை கண்ட காலம் அது. இடைவெளியில் ஒரு கலை பிசகினால் தீர்க்கரேகையில் அரைப் பாகை போய்விடும். அந்தக் காலத்து அல்மனாக்கின் நிலாவே சில சமயம் அரைக் கலை, ஒரு கலை தள்ளி இருக்கும். வாக்கியத்தில் எழுதிய ஜாதகத்தைத் திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்து ஜோசியரைத் திட்டுவோமே, அந்தக் கதைதான். முதலில் ஏட்டில் போட்டு மாலுமியின் கணக்கைப் பாருங்கள், பிறகு ஹொரைசன்ஸில் போட்டு ஏட்டின் குறையைப் பாருங்கள்.

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு கைக்கணக்குக்கே. எந்த விண்மீன் என்று குழம்பும்போது மட்டும் ஸ்டெல்லேரியத்தைத் திறப்பேன்.

கடைசியாக ஒரு பக்கம் 32 கலை உதைத்தது. இரண்டு மென்பொருளும் தப்பு என்றன, ஏன் என்று சொல்லவில்லை. 32 கலை என்பது சூரியனின் முழு அகலம். மாலுமி அன்று மேல்விளிம்பை அளந்துவிட்டு அடிவிளிம்புக் கணக்கைப் போட்டிருக்கிறான்.