வில்லா மனைப்பிரிவின் சுற்றுச்சூழல் அறிக்கை: பின்னிணைப்புக்கு நாலு நட்சத்திரம், முன்பக்கத்துக்கு ஒன்றரை

மனை வாங்குகிறவர்கள் பட்டா பார்ப்பார்கள், வில்லங்கம் பார்ப்பார்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துவிட்டு மனை வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. என் தம்பி மகன் தென்சென்னைப் புறநகரில் வரப்போகிற ஒரு திட்டத்தில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "அத்தை, பேப்பர்லாம் ஒரு தடவை பாத்துடுங்க" என்று ஒரு பென் டிரைவை நீட்டினான். பத்திரத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். நான் பொதுப்பணித் துறையில் ஏரிக்கரை, மதகு, கலங்கல் (ஏரி நிறைந்தால் உபரி நீர் வழிகிற இடம்) என்று வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவள். அதனால் இந்த அறிக்கையைத்தான் முதலில் திறந்தேன். கட்டுகிற நிறுவனத்தின் பெயரும் அறிக்கை எழுதிய ஆலோசனை நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். இந்தப் பகுதியில் வருகிற பல அறிக்கைகள் இதே அச்சில்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். எல்லா மனைப்பிரிவுக்கும் இப்படி ஓர் அறிக்கை இருக்காது. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே தேவை. 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டாலோ, இடம் 50 ஹெக்டேர் இருந்தாலோ அது டவுன்ஷிப் வகையில் சேரும். அதற்குத்தான் முழு அறிக்கை. வெறும் மனையாகப் போட்டு விற்றால் கட்டுமானப் பரப்பு என்று காட்ட எதுவும் இல்லை. அப்படியானால் 50 ஹெக்டேர், அதாவது சுமார் 123 ஏக்கர் வரும்வரை இந்தச் சட்டத்தில் கேள்வியே இல்லை. நூறு ஏக்கர் வயலை ஒரே மூச்சில் மண் கொட்டி மேடாக்கி மனை போட்டாலும் சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வேண்டியதில்லை. "டிடிசிபி அப்ரூவ்டு, எல்லாம் கிளியர்" என்று, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டு என்று, பெரிய போர்டு வைத்திருக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எங்கள் பையன் பார்த்த திட்டம் சுமார் 60 ஏக்கர்தான், ஆனால் வில்லாக்களோடு அடுக்குமாடியும் சேர்ந்ததால் கட்டுமானப் பரப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. அதனால் படிக்க நானூறு பக்கம் கிடைத்தது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுத் திட்டங்களுக்குப் பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. குவாரிக்கும் தொழிற்சாலைக்கும் பந்தல் போட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு நடக்குமே, அது இதற்கு இல்லை. மாநில மதிப்பீட்டுக் குழு படிக்கும், கேள்வி கேட்கும், பரிந்துரைக்கும். மாநில ஆணையம் அனுமதி கொடுக்கும். அனுமதி வந்த பிறகு ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆகவே அறிக்கை எழுதுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து "அந்த வாய்க்கால் எங்கே போச்சு?" என்று கேட்கும் பெரியவர் யாருமே இல்லை. அறிக்கைக்குச் சம்பளம் கொடுப்பவரும் கட்டுகிறவரேதான்.

சரி, அறிக்கைக்கு வருவோம். வடிவம் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. திட்ட விளக்கம், இப்போதுள்ள சூழல், வரக்கூடிய பாதிப்பு, தணிப்பு நடவடிக்கை, கண்காணிப்பு, கடைசியில் மேலாண்மைத் திட்டம் என்று விதிப்படி அத்தனை அத்தியாயமும் வரிசையாக உண்டு. சுற்றிலும் 10 கிலோமீட்டர் ஆய்வு வட்டம் போட்டு, காற்று, சத்தம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அளந்திருக்கிறார்கள். காற்று, சத்தம் அட்டவணைகளில் எனக்குப் புகார் இல்லை, அது என் துறையும் இல்லை. ஒரு பத்தியில் மட்டும் "வெடி வைக்கும்போது எழும் தூசி" என்று வருகிறது. வீடு கட்டுகிற இடத்தில் எதற்கு வெடி? ஏதோ ஒரு கல்குவாரி அறிக்கையிலிருந்து நழுவி வந்து உட்கார்ந்த பத்தி. சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போனேன்.

சிரிக்க முடியாதது ஆய்வுக் காலம். மார்ச் முதல் மே வரை. இது ஆலோசகரின் குறுக்குவழி இல்லை, விதியே மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவைத்தான் கேட்கிறது. காற்றுத் தூசியை அளக்க அது சரியாக இருக்கலாம். ஆனால் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிற ஊரில், சித்திரை வெயிலில் போய் நின்று "இடம் வறண்டு, சமதளமாக, நீர்த்தேக்கம் ஏதுமின்றி உள்ளது" என்று எழுதினால் அது யாருக்குப் பயன்? பறவைப் பட்டியலும் அப்படித்தான். காகம், மைனா, மாடப்புறா, கொக்கு. வலசை வருகிறவை குளிர்காலத்தில்தானே வரும்? பள்ளிக்கரணைக்குப் பூநாரை வருகிற ஊர் இது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தலமானது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் அது), 1,247 ஹெக்டேருக்கு மேல். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் அமர்வு, தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிதாகக் கட்டட அனுமதி தரக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. இந்த சைட் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அறிக்கை ஒரே வரியில் "உணர்திறன் மிக்க பகுதி அருகில் இல்லை" என்று முடித்துக்கொள்கிறது. தண்ணீருக்கு அந்த வட்டம் தெரியாது. மேலே இருக்கும் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் சதுப்புக்கு, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இந்தச் சங்கிலியின் நடுவில்தான் எங்கள் 60 ஏக்கர் இருக்கிறது.

அப்புறம் வடிகால் வரைபடம். இதில்தான் நான் ரொம்ப நேரம் செலவழித்தேன். சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத்தில் சைட்டின் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்காக ஒரு நீலக்கோடு ஓடுகிறது. மேல் ஏரியின் போக்குக் கால்வாய் அது. கிராம வரைபடத்திலும் அதே இடத்தில் வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. அறிக்கையின் வரைபடத்தில் அந்தக் கோடு காம்பவுண்டு வரை வருகிறது, நிற்கிறது, மறுபக்கக் காம்பவுண்டிலிருந்து மறுபடி தொடங்குகிறது. நடுவில் இருந்த பகுதிக்குப் பச்சை வண்ணம் அடித்து "பசுமைப் பட்டை, நடைபாதை" என்று போட்டிருக்கிறார்கள். புறம்போக்கை ஆக்கிரமிக்கவில்லை, அது உண்மை, அகலத்தைக்கூட விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் இரு பக்கமும் மனையை மேடாக்கி, நடுவில் பேவர் பிளாக் போட்டு, அடியில் குழாய் பதிப்பதாகத் திட்டம். கலங்கல் தண்ணீர் குழாயில் போகிற தண்ணீர் இல்லை. செடி, கொடி, பிளாஸ்டிக், சில சமயம் செத்த மாடு எல்லாவற்றோடும் வரும். சைட் ஆபீஸில் இருந்த பையன் மடிப்பு கலையாத சட்டையோடு, "அது கிரீன் வியூ மேடம், அந்தப் பக்க பிளாட்டுக்குச் சதுர அடிக்கு நூறு ரூபாய் கூட" என்றான். ஏரியின் போக்குக் கால்வாய்க்கு அதிக விலை வைத்து விற்பதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

மழைநீர் கணக்கில் சூத்திரம் சரி, பெருக்கல் சரி. ஆனால் காம்பவுண்டுக்குள் விழுகிற மழைக்கு மட்டும்தான் கணக்கு. வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீர் எங்கேயும் இல்லை. 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதே மழை இங்கே பெய்தால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர், 60 ஏக்கருக்கு 12 கோடி லிட்டர். உறிஞ்சு குழிகளும் சேகரிப்புத் தொட்டியும் சேர்ந்து இதில் ஒரு சிறு பங்கைத்தான் பிடிக்கும், அது யாருக்கும் புரியும். மீதி எங்கே போகும் என்பதற்கு அறிக்கை தரும் பதில்: "அருகிலுள்ள வடிகால்". எந்த வடிகால், அதன் தரைமட்டம் என்ன, சைட்டைவிட மேலா கீழா? இல்லை.

இப்போது பின்னிணைப்பு. இதற்கு நான் மனமாரப் பாராட்டுத் தருகிறேன், ஏனென்றால் உண்மை முழுக்க அங்கேதான் இருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கையைத் திறந்தால், துளை போட்ட இடங்களில் பெரும்பாலானவற்றில் மேலிருந்து சுமார் நாலு மீட்டர் வரை களிமண் என்று இன்ஜினியர் நேர்மையாக எழுதியிருக்கிறார். முன்னால் இருக்கும் அத்தியாயத்திலோ மூன்று மீட்டர் ஆழ உறிஞ்சு குழிகள் வரிசையாக! களிமண்ணுக்குள் மூன்று மீட்டர் குழி தோண்டினால் தண்ணீர் உறிஞ்சாது, கொசு வளரும். ஒரே பைண்டிங்கில் இருக்கும் இரண்டு அத்தியாயங்களை எழுதியவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கவில்லை என்பது தெளிவு.

தண்ணீர்த் தேவை ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கு. ஆயிரம் வீடு, வீட்டுக்கு 5 பேர் என்றால் தினமும் 6.75 லட்சம் லிட்டர். எங்கிருந்து வரும்? உள்ளாட்சியின் கடிதம் ஒன்றை இணைத்திருக்கிறார்கள், அதில் "கிடைக்கும் அளவைப் பொறுத்து" என்று ஒரு சொற்றொடர். படித்தவுடன் எனக்கு லாரிதான் ஞாபகம் வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது. சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி விடுகிறார்கள், மழைக்காலத்துக்குத் தனியாகக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். பல அறிக்கைகளில் இது இருக்காது என்பதால் ஒரு மதிப்பெண் கூட்டலாம். ஆனால் மழையில் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாமே, அந்த மிச்சம்? அதுவும் "அருகிலுள்ள வடிகால்" தான். மரங்கள் 80 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற விதிப்படி வருகின்றன, வேம்பும் புங்கனும் பூவரசும். நல்ல தேர்வு.

ஆக மொத்தம் ஐந்துக்கு இரண்டரை தருவேன். முன்பக்க அத்தியாயங்கள் யாரையும் காப்பாற்றாது, பின்னிணைப்புகள் வாங்குகிறவரைக் காப்பாற்றும். நீங்கள் பார்க்கிற திட்டத்துக்கு இப்படி ஓர் அறிக்கை இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம், காசு வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வரும். மண் துளை அறிக்கை, வடிகால் வரைபடம், தண்ணீர்க் கடிதம், மதிப்பீட்டுக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, இந்த நாலும் போதும். குழு உறுப்பினர்கள் சில சமயம் நான் கேட்ட கேள்வியையே கேட்டிருப்பார்கள். பதில் என்ன வந்தது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். ஏற்கெனவே முதல் கட்டம் குடியேறிவிட்ட திட்டம் என்றால், ஜூன் 1, டிசம்பர் 1 என்று அரையாண்டுக்கு ஒருமுறை அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அவர்கள் கொடுக்க வேண்டிய அறிக்கையையும் கேளுங்கள்.

அறிக்கையே இல்லாத சின்ன மனைப்பிரிவு என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று உண்டா என்று கேளுங்கள். வெள்ளம் தேங்குமா என்று பார்த்து, மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். நானூறு பக்கத்தில் கிடைக்காதது அந்த நாலு பக்கத்தில் கிடைக்கும். உயர்த்தச் சொன்ன மட்டத்தைப் பக்கத்துத் தெருவின் மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குள் வராத தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் விஷயத்தில் அந்தச் சான்று பென் டிரைவில் இல்லை. தம்பி மகன் எழுத்தில் கேட்டிருக்கிறான்: சான்றின் நகல், வடிகால் சேரும் இடத்தின் மட்டம், குழாய்க்குப் பதிலாகத் திறந்த வாய்க்கால் வைக்க முடியுமா. "லீகல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம் சார்" என்று பதில் வந்திருக்கிறது, கூடவே வாய்க்கால் பக்கத்து மனைக்கு அந்த நூறு ரூபாயைத் தள்ளுபடி செய்கிறோம் என்ற செய்தியும். சான்று கைக்கு வரும்வரை அடுத்த தவணை கட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.