ரீலோட் பட்டனின் ஜாதகம்: பயர்பாக்ஸோடு ஒரு நீண்டகால அனுபவம்

பயர்பாக்ஸ் பிரவுசரில் செங்குத்து டேப்களை இயக்கியதிலிருந்து பின்செல்லும் பட்டன் இரண்டு விரல்கடை வலப்புறம் நகர்ந்துவிட்டது. 2025 மார்ச்சில் 136ஆம் பதிப்போடு வந்த வசதி அது. மேலே வரிசையாக நின்ற டேப்கள் இறங்கி இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். நல்ல வசதிதான். இன்றைய லேப்டாப் திரைகளில் உயரத்துக்குத்தான் பஞ்சம், அகலம் சும்மா கிடக்கிறது. ஆனால் அதை இயக்கியதும், பக்கப்பட்டையைச் சுருக்கி விரிக்கும் பட்டன் டூல்பாரின் இடது கோடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்செல்லும் அம்புக்குறி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. முந்தைய பக்கத்துக்குப் போகலாம் என்று சொடுக்கினால் பக்கப்பட்டை சுருங்குகிறது. இன்னொரு முறை சொடுக்கினால் விரிகிறது. பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்கா இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். இலக்கு எவ்வளவு பெரியதோ, எவ்வளவு அருகில் இருக்கிறதோ, கை அவ்வளவு விரைவில் அதை எட்டும் என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஜன்னலைத் திரை முழுக்க விரித்துவிட்டால் மவுஸ் அம்பு ஓரத்தைத் தாண்டிப் போக முடியாது. எனவே ஓரத்தில் இருக்கும் பட்டனுக்குக் குறிபார்க்கவே தேவையில்லை. மவுஸை இடப்பக்கம் வீசினால் போதும். பயர்பாக்ஸின் பின்செல்லும் பட்டனில் சொடுக்கும் எல்லை திரையின் விளிம்பு வரை நீண்டிருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. பஸ் கண்டக்டர் பையைக் குனிந்து பார்த்தா சில்லறை எடுக்கிறார்? அந்தப் பையின் அறைகளை ஒரு நாள் காலையில் வேறொருவர் மாற்றித் தைத்துக் கொடுத்து, 'இப்போது பை அழகாக இருக்கிறது' என்று சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

இடம் மாற்றுவது இந்த பிரவுசருக்குப் புதிதும் அல்ல. ரீலோட் பட்டனின் ஜாதகத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 3.6 பதிப்பு வரை அது முகவரிப் பெட்டிக்கு இடப்புறம், பின்செல்லும், முன்செல்லும் பட்டன்களை ஒட்டி இருந்தது. நிறுத்தும் பட்டன் அதற்கடுத்துத் தனியாக இருந்தது. 2011 மார்ச்சில் 4ஆம் பதிப்பு வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கி முகவரிப் பெட்டியின் வலது கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கம் ஏறிக்கொண்டிருந்தால் பெருக்கல் குறி, ஏறி முடிந்ததும் வட்ட அம்பு. நிறுத்தச் சொடுக்கும் அதே கணத்தில் பக்கம் ஏறி முடிந்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும் அல்லவா? அதைத் தடுக்க, மவுஸ் அதன்மேல் நின்றுகொண்டிருந்தால் பட்டனைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். தேர்வு முடிவு எப்போது வரும் என்று ரீலோட் செய்துகொண்டே இருப்பவருக்கு இந்த மரத்துப்போன கணம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போதும் பட்டனை இழுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. 2014 ஏப்ரலில் வந்த 29ஆம் பதிப்பு அந்த வழியையும் அடைத்தது. ரீலோட் முகவரிப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டுவிட்டது, நகர்த்த முடியாது. ஆட்-ஆன்கள், அதாவது பிரவுசரோடு நாமே சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், அவற்றின் பட்டன்களுக்கென்று கீழே இருந்த பட்டையையும் எடுத்துவிட்டார்கள். பழைய தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவரும் 'கிளாசிக் தீம் ரெஸ்டோரர்' என்ற ஆட்-ஆன் இல்லையென்றால் நான் அன்றே விலகியிருப்பேன்.

பிறகு 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு. ரீலோட் பட்டன் மீண்டும் இடப்புறம் வந்துவிட்டது, இழுத்து நகர்த்தவும் முடிந்தது! ஆறரை ஆண்டு காலம் எல்லோரையும் வலப்புறம் பழக்கியது எதற்காக என்று ஒருவரும் சொல்லவில்லை. அதே பதிப்பில் பழைய வகை ஆட்-ஆன்கள் அத்தனையும் நின்றுபோயின, ரெஸ்டோரரும் சேர்த்து. முகவரிப் பெட்டியின் இருபுறமும் காலி இடம் விட்டார்கள். டவுன்லோட் பட்டன் வேலை வரும்வரை ஒளிந்திருந்து, வந்ததும் தலைகாட்டி, பக்கத்து பட்டன்களைத் தள்ளிவிடும் வழக்கமும் அன்று தொடங்கியதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். 57ஆம் பதிப்பின் வேகம் உண்மை. அதுவரை ஊர்ந்துகொண்டிருந்த பழைய கணினிகூட எழுந்து உட்கார்ந்தது. பழைய ஆட்-ஆன்கள் பிரவுசரின் குடல் வரை கைவிட்டுத் துழாவின. அவற்றை வைத்துக்கொண்டு அந்த வேகத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது என்பதும் உண்மை. 2021 மார்ச்சில் பேக்ஸ்பேஸ் விசையால் பின்செல்வதை நிறுத்தினார்கள். பாதி நிரப்பிய படிவம் பறிபோகாமல் இருக்க அது தேவை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே 2021 ஜூனில் வந்த 89ஆம் பதிப்பை மன்னிக்க எனக்கு மனமில்லை. டேப் வரிசை தடித்தது. டேப்கள் டூல்பாரோடு ஒட்டாமல் மிதக்கத் தொடங்கின. டூல்பாரை ஒடுக்கி வைக்கும் 'காம்பாக்ட்' தேர்வு மெனுவிலிருந்து காணாமல் போயிற்று. அபௌட் கான்ஃபிக் என்ற மறைவான அமைப்புகள் பக்கத்துக்குள் போய் ஓர் அமைப்பை மாற்றினால் அது திரும்ப வரும், ஆனால் பெயருக்குப் பக்கத்திலேயே 'ஆதரவில்லை' என்ற முத்திரையோடு. அன்று முதல் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆதரவே இல்லாமல் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆதரவுள்ளவைதான் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மகிழ்ச்சி உண்டு. டூல்பாரின் காலியான இடத்தில் வலது சொடுக்கு, 'கஸ்டமைஸ் டூல்பார்'. எல்லா பட்டன்களும் கண்முன் விரிந்துவிடும். வேண்டியதை இழுத்து வைக்கலாம், வேண்டாததைத் தூக்கி எறியலாம், அந்தக் காலி இடங்களையும் சேர்த்து. குரோமில் பின்செல்லும் பட்டனை அசைக்கக்கூட முடியாது. பக்கப்பட்டை பட்டனையும் இப்படித்தான் வலது கோடிக்கு அனுப்பினேன். பத்து விநாடி வேலை. அம்பு மறுபடியும் ஓரத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு எளிதில் சரிசெய்ய முடிகிற விஷயத்துக்கு இத்தனை நேரம் கத்தியிருக்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அந்தப் பத்து விநாடியை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இதையெல்லாம் எழுத வைத்தது நண்பனின் கேள்வி. குரோம் பழைய வகை ஆட்-ஆன்களைக் கைவிட்டதில் விளம்பரங்களைத் தடுக்கும் அவனுடைய யூபிளாக் ஆரிஜின் போய்விட்டது. பயர்பாக்ஸில் அது இன்னும் முழுசாக இயங்குகிறது. "மாறிவிடட்டுமாடா?" என்று கேட்டான். வேகம், விளம்பரத் தடுப்பு, நம் வசதிக்கு வளைந்துகொடுக்கும் டூல்பார் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் புகழ்ந்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னேன். அவன் எந்த பட்டனையும் இழுத்து நகர்த்தும் ஆள் இல்லை. ஒன்று இடம் மாறினால் எனக்குத்தான் போன் வரும்.

அவன் கேட்கவில்லை, நிறுவிவிட்டான். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, நீ ஏன் இப்படிப் பயமுறுத்தினாய் என்கிறான். நிறுவிய முதல் வாரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.