ஒரே நெல்லிக்கனி, மூன்று வகை வண்ணம்: கைவேலை வாழ்த்து அட்டைக்கு எது பொருந்தும்?

சென்ற ஆண்டு அப்பாவுக்கு 80 வயது நிறைந்தது. தருமபுரி வீட்டுக்கு வந்து வணங்கியும் வாழ்த்தியும் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையால் செய்த நன்றி அட்டை ஒன்றை அனுப்ப விரும்பினேன். எண்ணிப் பார்த்தபோது 45 அட்டைகள் தேவைப்பட்டன. என்ன படம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் தகடூர்தான் இந்த ஊர். எண்பதைக் கடந்தவர் வீட்டிலிருந்து போகும் அட்டையில் ஒரு சிறு கிளையும் இரண்டு நெல்லிக்கனியும் இருந்தால், எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

படம் முடிவாகிவிட்டது. எதைக் கொண்டு வண்ணம் தீட்டுவது என்பதில்தான் ஒரு மாதம் போனது. ஆல்கஹால் மார்க்கர், வாட்டர்கலர், கலர் பென்சில் என்று மூன்றிலும் அதே நெல்லிக் கிளையைத் திரும்பத் திரும்பத் தீட்டிப் பார்த்தேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கோட்டு மையை, அதாவது படத்தின் கோடுகளை ஸ்டாம்ப்பால் அச்சிடும் மையை, தேர்ந்தெடுங்கள். என் கையில் பாழான அட்டைகளில் பெரும்பாலானவை மை பொருந்தாமல்தான் பாழாயின.

அச்சு எங்கே கிடைக்கும்

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் ஸ்டாம்ப்கள் இரண்டு வகை. ஒன்று, மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர். இன்னொன்று, கண்ணாடி போன்ற பாலிமர் அச்சு. அதை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிவைத்து அச்சிட்டு, பிறகு உரித்து எடுத்துவிடலாம். பாலிமரின் நன்மை, எங்கே பதிகிறது என்று அதன் ஊடாகவே பார்க்க முடிவது. வெயிலில் கிடந்தால் அது மஞ்சளாகிவிடும். கரைப்பான் கலந்த மைகளை நெடுநாள் தாங்காது. ரப்பர் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் நெல்லிக் கிளையை எந்த ஸ்டாம்ப் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை. ரோஜா இருக்கிறது, டியூலிப் இருக்கிறது, நம் நெல்லிக்கு இடமில்லை. ஆகவே நானே வரைந்து, அலுவலக முத்திரைகள் செய்துதரும் கடைக்கு எடுத்துப் போனேன். "எந்த ஆபீஸுக்கு அம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். அப்பாவின் விஷயத்தைச் சொன்னதும், இலைக் கோடுகளைச் சற்றுத் தடிமனாக்கித் தரச் சொன்னார். மெல்லிய கோடு ரப்பரில் நிற்காது என்றார். அந்த ஒரு யோசனை என் படத்தைக் காப்பாற்றியது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை கட்டாயம் இருக்கும். கிளிமூக்கு மாங்காயோ, கேழ்வரகுக் கதிரோ, உங்கள் வீட்டு வாசல் கோலமோ, எதையும் முத்திரையாக்கித் தருவார்கள்.

மரக்கட்டை ரப்பரில் அச்சு திட்டுத்திட்டாக விழுந்தால், அட்டைக்கு அடியில் நான்கைந்து செய்தித்தாள் தாள்களை மடித்து வையுங்கள். அந்த மெத்தென்ற அடித்தளமே போதும்.

ஸ்டாம்ப்புக்கு மாற்றாக ஜெராக்ஸையும் சொல்ல வேண்டும். ஆல்கஹால் மார்க்கர்களில் பெயர்பெற்ற காப்பிக், ஜப்பானில் 1987-ல் வந்தது. நகல் எடுத்த தாளின் மேல் தீட்டினாலும் டோனர் (ஜெராக்ஸ் இயந்திரத்தின் கறுப்புத் தூள்) கரையாதபடி செய்யப்பட்ட மை என்பதால்தான் 'காப்பி' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. அப்படியென்றால் உங்கள் ஓவியத்தைக் கனமான தாளில் ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் மார்க்கர் தீட்டலாம், கோடு அசையாது. நூறு அட்டை வேண்டுமானால் இதுவே சுலபமான வழி. 45 அட்டைக்கு நான் ஸ்டாம்ப்பையே எடுத்தேன். அழுத்தம் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, ஒவ்வொன்றும் வேறு மாதிரி விழும் அழகு ஜெராக்ஸில் வராது.

மை

முதல் பத்து அட்டைகளை, வீட்டில் இருந்த ஊதா ஸ்டாம்ப் பேடிலேயே அச்சிட்டேன். மார்க்கர் பட்டவுடன் ஊதா கரைந்து, இரண்டு நெல்லியும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டன. தண்ணீர் தொட்டுப் பார்த்தேன், அதிலும் கரைந்தது. அலுவலக மைக்குக் காகிதத்தில் ஊறத் தெரியும். அதன்மேல் இன்னொரு ஈரம் வந்தால் நிற்கத் தெரியாது.

இதன் பின்னால் இருப்பது எளிய விதி. எந்த ஈரத்தால் தீட்டப்போகிறோமோ, அந்த ஈரத்தில் கரையாத மையால் அச்சிட வேண்டும். ஆல்கஹால் மார்க்கருக்கு, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட சாய மை வேண்டும். மெமென்டோ என்ற மை இதற்காகவே பலரும் வாங்குவது. அச்சிட்டுச் சில நிமிடம் காயவிட்டால் மார்க்கரின் கீழ் கறுப்புக் கோடு கறுப்பாகவே இருக்கும். அதே மெமென்டோவின் மேல் வாட்டர்கலர் போட்டால் கோட்டிலிருந்து சாம்பல் நிறம் கசியும். வாட்டர்கலருக்கு வெர்சாஃபைன் போன்ற எண்ணெய் கலந்த நிறமி மை (கரையாத நுண்துகள்களால் நிறம் தரும் மை) சரி. அந்த நிறமி மையின் மேல் மார்க்கரை ஓட்டினால் கோடு இழுபட்டு, மார்க்கரின் முனையும் கறுத்துப்போகும். ஸ்டேஸ்ஆன் என்ற கரைப்பான் மையின் பெயரையும், 'எதிலும் அழியாது' என்ற பெருமையையும் கேட்டுப் பலர் அதை வாங்கி ஏமாறுகிறார்கள். அது தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலுக்கு அசைந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் அண்ணன் மகள் ஒரு நாள் அழைத்து, "அத்தை, என்னுடைய மார்க்கர் கெட்டுப்போய்விட்டது, எல்லா அட்டையிலும் அழுக்குப் படிகிறது" என்று வருத்தப்பட்டாள். மார்க்கரில் ஒரு குறையும் இல்லை. நிறமி மையில் அச்சிட்டிருந்தாள். மை பேடை மாற்றியதும் அதே மார்க்கர் தெளிவாக ஓடியது.

கலர் பென்சிலுக்கு இந்தக் கவலையே கிடையாது. காய்ந்த மை எதுவானாலும் சரி.

ஆல்கஹால் மார்க்கர்

மார்க்கரின் மை, ஆல்கஹாலில் கரைந்த சாயம். தாளில் பட்டவுடன் ஆல்கஹால் ஆவியாகி, சாயம் மட்டும் தங்கும். தண்ணீர் மார்க்கரைப் போல் தாளை நைந்துபோகச் செய்யாது, பட்டை பட்டையாகவும் தெரியாது. ஈரமாக இருக்கும்போதே அடுத்த நிறம் வந்து சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவே கோடே இருக்காது.

நெல்லிக்கனியை நான் தீட்டும் முறை இது. மிக வெளிறிய மஞ்சள் பச்சையைக் கனி முழுவதும் பூசுவேன். ஒரு பக்கமும் அடியிலும் நடுத்தரப் பச்சை. காம்பைச் சுற்றியும், கனியின் மேல் ஓடும் ஆறு மெல்லிய வரிகளிலும் அடர்பச்சையைத் தொட்டுவிட்டு, உடனே நடுத்தரத்தை எடுத்து எல்லைகளைத் தேய்ப்பேன், கடைசியில் வெளிறியதை. நிறமற்ற பிளெண்டர் மார்க்கரால் நடுவில் ஒரு புள்ளி வைத்தால், அது சாயத்தைச் சுற்றிலும் தள்ளிவிட்டு உள்ளே ஒளி இருப்பதுபோல் காட்டும். வெயிலில் தூக்கிப் பார்த்த நெல்லி அப்படித்தான் இருக்கும். அட்டை ஒன்றுக்கு எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது.

ஒரே நிறத்தில் வெளிறியது, நடுத்தரம், அடர்ந்தது என்று மூன்று மார்க்கர்கள் வேண்டும் என்பதுதான் இந்த முறையின் செலவு. காப்பிக்கில் எழுத்து நிறக் குடும்பத்தையும், முதல் எண் நிறத்தின் தூய்மையையும், கடைசி எண் அடர்த்தியையும் சொல்லும். மஞ்சள் பச்சைக் குடும்பத்தின் ஒய்ஜி03, ஒய்ஜி07 இரண்டையும் எடுத்தால் அவை கலக்கும் என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். மலிவான செட்டுகளில் எண்கள் எல்லா நேரமும் இந்த ஒழுங்கில் வருவதில்லை. அவற்றை வாங்கினால் முதல் வேலையாக எல்லா நிறங்களையும் அட்டை தயாரிக்கும் அதே தாளில் பூசி, ஒரு நிறப்பட்டியல் செய்துகொள்ளுங்கள். மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். காப்பிக்கின் ஸ்கெட்ச் வரிசையில் 358 நிறங்கள் இருக்கின்றன. ஒரு கிளைக்கு எனக்குத் தேவைப்பட்டவை ஆறு. கற்றுக்கொள்ள மலிவான செட் போதும். அதில் எந்த நிறம் முதலில் தீர்கிறதோ அதை மட்டும் மை நிரப்பக்கூடிய, முனை மாற்றக்கூடிய நல்ல மார்க்கராக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள். கோடு வரை தீட்டாதீர்கள், ஒரு நூல் அளவு உள்ளேயே நிறுத்துங்கள். சாயம் தானாக ஊர்ந்து கோட்டை அடையும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் விசிறிக் காற்றும் சேர்ந்தால் இரண்டாவது நிறம் வருவதற்குள் முதல் நிறம் காய்ந்துவிடும். வாசனையும் வெளியேற வேண்டும்.

தாள் வழவழப்பாகவும் கனமாகவும், 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவிலாவது இருக்கட்டும். எவ்வளவு கனமாக இருந்தாலும் பின்பக்கம் சாயம் தெரியும். அதனால் மடித்த அட்டையிலேயே நேராகத் தீட்டாமல், தனித் துண்டில் தீட்டி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். நீர்ப்பசை தாளை வளைத்துவிடும்.

வாட்டர்கலர்

அழகில் நெல்லியை வென்றது வாட்டர்கலர். கனிக்குள் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு சொட்டு மஞ்சளும் அதன் ஓரத்தில் துளி பச்சையும் விட்டால், மீதி வேலையைத் தண்ணீரே செய்துகொள்ளும். மார்க்கரில் பிளெண்டரால் வரவழைத்த உள்ளொளி இங்கே தானாக வருகிறது. கேமல் டியூப் இரண்டும் ஒரு நல்ல தூரிகையும் போதும். பணச் செலவு மிகக் குறைவு.

ஆனால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள் கட்டாயம். அதன் சொரசொரப்பில் ஸ்டாம்ப் கோடு அங்கங்கே விட்டுப்போகும். நெல்லி இலைகளோ சீரகம்போல் சின்னஞ்சிறியவை, தண்ணீர் அவற்றை மூழ்கடித்துவிடுகிறது. காய்வதற்கும் சேர்த்து ஒரு அட்டைக்கு அரை மணி நேரம் பிடித்தது. இரண்டாவது அட்டை முதலாவதைப் போல் இருக்கவே இருக்காது. 45 பேருக்கு அனுப்பும்போது, ஒருவருக்குச் சிறப்பாகவும் இன்னொருவருக்குச் சுமாராகவும் போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாம்பழத்தில் நிலைமை வேறு. அண்ணன் மகள் செய்தது செந்தூரா மாம்பழ அட்டை. அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், தோளில் சிவப்பு. பச்சையும் சிவப்பும் நேராகச் சந்தித்தால் எந்த வண்ணத்திலும் சேற்றுப் பழுப்புதான் வரும். வாட்டர்கலரில் அவை ஒன்றை நோக்கி ஒன்று ஓடுவதை அவளால் தடுக்க முடியவில்லை. மார்க்கரில் நடுவே மஞ்சள் பட்டையைக் காப்பாற்றுவது எளிதாக இருந்தது. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு மார்க்கர்தான் என்று அவள் சாதிக்கிறாள், நானும் ஒத்துக்கொண்டேன்.

கலர் பென்சில்

பொறுமைசாலிகளுக்கும், வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கும் இது. வாசனை இல்லை, கசிவு இல்லை, எந்தத் தாளும் ஏற்கும். பஞ்சில் ஒரு துளி பேபி ஆயில் தொட்டுத் தேய்த்தால் நிறங்கள் இழைந்துவிடும். ஆனாலும் ஒரு கிளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது, ஐந்தாவது அட்டையில் விரல் வலித்தது. பென்சிலைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட, மார்க்கர் காய்ந்தபின் அதன்மேல் கனியின் ஆறு வரிகளைக் கூர்மையாகக் காட்டப் பயன்படுத்துவதே எனக்குப் பிடித்தது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பென்சிலின் மெழுகின் மேல் மார்க்கரை ஓட்டினால் முனை அடைத்துக்கொள்ளும்.

போகும் வழியும் இருக்கும் இடமும்

அட்டை நம் கையைவிட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். காய்ந்த மார்க்கர் சாயம் மழைத்துளிக்கு அசையாது. அதைச் சுற்றியுள்ள சாய மைக் கோடுதான் கசியும். எனவே கடித உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பினேன். சானிடைசர் ஈரத்தோடு தொட்டால் மார்க்கர் ஓவியம் அந்த இடத்திலேயே கரையும். 2021-ல் அத்தை ஒருவருக்குக் கொடுத்த அட்டையில் அவருடைய பெருவிரல் அடையாளம் வெள்ளையாக விழுந்துவிட்டது.

வெளிச்சம் இன்னும் முக்கியம். மார்க்கரில் இருப்பது சாயம், வெளிச்சத்தில் வெளிறும். நல்ல வாட்டர்கலரில் இருப்பது நிறமி; நெடுநாள் நிற்கும். படித்துவிட்டுப் பெட்டியில் வைக்கும் அட்டைக்கு இது பொருட்டில்லை. மாட்டிவைக்கும் அட்டைக்கு இதுவே எல்லாம்.

இப்படியெல்லாம் பார்த்து, 45-ல் 39 அட்டைகளை மார்க்கரில் முடித்தேன், வரிகளுக்கு மட்டும் பென்சில். அட்டையைச் சட்டமிட்டு மாட்டக்கூடிய பெரியவர்கள் என்று நான் நினைத்த ஆறு பேருக்கு மட்டும் வாட்டர்கலர். அப்பாவுக்கென்று தனியாக ஒன்று செய்தேன். அதற்கு மூன்று தாள்கள் வீணாயின. அவர் அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில், காலை வெயில் நேராக வந்து விழும் சுவரில் மாட்டியிருக்கிறார். இடத்தை மாற்றச் சொல்லவில்லை. அது வாட்டர்கலர்.