செக்கு எண்ணெய்க்கு ரோஸ்மேரி சாறு: மூணு மாசம் ஊத்தி பாத்துட்டு எழுதுறேன்

வண்ணாரப்பேட்டையில வீட்டுலயே முறுக்கு, தட்டை, ஓமப்பொடி சுட்டு விக்கிறேன், எண்ணெய் எப்பவும் மரச்செக்கு கடலெண்ணெய் தான், அஞ்சு லிட்டர் கேனா வாங்குவேன். எங்க வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் காலத்துல கிச்சன் அனலா கொதிக்கும், கேன் பாதி காலியாகுறதுக்குள்ள காறல் வாடை வந்துடும். போன தீபாவளிக்கு ஒரு அக்கா டப்பாவ திறந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "இன்னாமா, பழைய எண்ணெயில சுட்டியா?"ன்னு கேட்டாங்க. ஒரு தடவ கூட காய்ச்சாத எண்ணெய் அது, கேன்லயே கெட்டுப்போயிருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கப்புறம் தான் நான் எண்ணெய் வாங்குற செக்கு கடையில இந்த ரோஸ்மேரி சாறு பாட்டில் வந்துச்சு, ரோஸ்மேரிங்கற மூலிகை இலைலேர்ந்து எடுக்குறது, எண்ணெய் சீக்கிரம் காறாம இருக்க ஊத்துறது. பிரவுன் கண்ணாடி, 30 மில்லி, 350 ரூபா. லிட்டருக்கு 1 மில்லி ஊத்தணும், அப்போ லிட்டருக்கு 12 ரூபா கிட்ட தான் கூட ஆகுது.

ஒரே கேன்லேர்ந்து ரெண்டு பாட்டில் ஊத்தி, ஒண்ணுல மட்டும் சாறு கலந்து, டேப் ஒட்டி தேதி எழுதி ஒரே ஷெல்ஃப்ல வெச்சேன். வாராவாரம் ரெண்டு சொட்டு உள்ளங்கையில தேச்சு மோந்து பாப்பேன். ஏழாவது வாரம் சும்மா வெச்ச பாட்டில்ல பழைய வேர்க்கடலைய வாயில போட்ட மாதிரி ஒரு வாடை, அடுத்த வாரம் தொண்டையில காறிடுச்சு. சாறு கலந்தது பன்னெண்டாவது வாரமும் நல்லா இருந்துச்சு, அந்த எண்ணெயில தான் இப்போ தட்டை சுடுறேன். முதல் நாள் மட்டும் லேசா தைலம் மாதிரி வாசனை வந்துச்சு, காய்ச்சுனா போயிடுது. அளவ தாண்டி ஊத்துனா கசக்கும், ஊத்தி பாத்துட்டு தான் சொல்றேன்.

விஷயம் என்னன்னா, காத்துல இருக்குற ஆக்சிஜன் எண்ணெயோட சேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு சங்கிலி மாதிரி கெட்டுகிட்டே போகும், வெளிச்சமும் சூடும் பட்டா இன்னும் வேகமா. ரோஸ்மேரில இருக்குற கார்னோசிக் அமிலம் அந்த சங்கிலிய நடுவுல அறுத்துடுது. ஐரோப்பாவுல உணவுல சேர்க்குற பொருள்னு இதுக்கு இ392ன்னு நம்பரே இருக்கு. நம்ம ரீஃபைண்ட் பாக்கெட்ல பொடி எழுத்துல ஐஎன்எஸ் 319ன்னு போட்டிருப்பாங்களே, அது டிபிஎச்க்யூ, அதே வேலைய செய்யுற கெமிக்கல், அளவுக்குள்ள போட அனுமதி இருக்கு. நம்ம வீடுகள்ல வெண்ணெய் உருக்கும்போது முருங்கை இலை போடுறதும் இந்த வகை தான்னு எனக்கு தோணுது. நல்லெண்ணெய்க்கு இது வேணவே வேணாம், எள்ளுலேர்ந்து வர்ற செசமால்னு இதே மாதிரி காறாம காக்குற பொருள் அதுக்குள்ளயே இருக்கு.

தயவுசெஞ்சு தலைக்கு தேய்க்கிற ரோஸ்மேரி ஆயிலை வாங்கி ஊத்திடாதீங்க. அது வாசனை எண்ணெய், கார்னோசிக் அமிலம் அதுல வராது, இது சமையலுக்குன்னே எடுக்குற சாறு.

ஒரே ஒரு விஷயத்துல கடைக்காரர் மேல எனக்கு கோவம். "இத ஊத்துனா அதே எண்ணெயை நாலஞ்சு தடவ காய்ச்சலாம்க்கா"ன்னு சொல்லி விக்கிறாரு. அது தப்புண்ணா, அப்டி சொல்லாதீங்கன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஏற்கனவே காறிப்போன எண்ணெயை இந்த சாறு திருப்பி நல்லதாக்காது, திரும்ப திரும்ப காய்ச்சி கருத்த எண்ணெயையும் காப்பாத்தாது. எண்ணெயை காய்ச்ச காய்ச்ச அதுல சேர்ந்துகிட்டே போற கெட்டுப்போன பொருளுக்கு போலார் பொருள்னு பேரு, அது 25 சதவீதத்த தாண்டுன எண்ணெயை யூஸ் பண்ணவே கூடாதுன்னு 2018 ஜூலைலேர்ந்து சட்டமே இருக்கு. கொழந்தைங்க சாப்புடுற முறுக்கு, அதுல நான் இந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

புது எண்ணெயை கேன் திறந்த அன்னிக்கே கலந்து, மூடி இறுக்கி, இருட்டான இடத்துல வெக்கிறவங்க தாராளமா வாங்கலாம். பாட்டில்ல தயாரிச்ச தேதி சின்ன ஸ்டிக்கர்ல தான் இருக்கு, எண்ணெய் கை பட்டு எனக்கு ரெண்டே நாள்ல அழிஞ்சு போச்சு, வாங்குன உடனே பேனாவால பெருசா எழுதி வெச்சுக்கோங்க.