இரண்டு டயரா, நான்கு டயரா?

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் எஞ்சினின் எடையும் திருப்பும் வேலையும் முன்பக்கமே விழுவதால், அவ்வப்போது இடம் மாற்றிப் போடாவிட்டால் முன் டயர்கள்தாம் முதலில் தேயும். டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தின் அடியில் குறுக்காக ஒரு சிறு ரப்பர் மேடு இருக்கும். மேற்பரப்பு அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதமிருப்பது 1.6 மி.மீ. மட்டுமே, அத்துடன் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

இரண்டை மட்டும் மாற்றினால் செலவு பாதியாகும். பின் டயர்களில் 4 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நான் இதையே தேர்வேன். ஆனால் புதியவற்றைப் பின்னால்தான் பொருத்த வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் முன்னால் போடவே கை வைப்பார். மழையில் தேய்ந்த பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும் என்பதையும், முன் டயர் வழுக்குவதை விட அதைச் சமாளிப்பது கடினம் என்பதையும் அவரிடம் சொல்லி, பழைய பின் டயர்களை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான்கையும் மாற்றுவது, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய கட்டாயம். சுற்றளவு வேறுபட்டால் அதன் பற்சக்கர அமைப்பு பாதிக்கப்படும். பக்கச்சுவரில் 1218 என்றிருந்தால் 2018இன் 12ஆம் வாரத் தயாரிப்பு; அவ்வளவு பழைய டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், அங்கே நான்கையும் மாற்றுவதே சரி. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், எதை வாங்கினாலும் முதலில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியா என்று பார்க்க வேண்டும்.